முருகேசு அண்ணன் குடிக்க வேண்டிய தே

தனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் எதையோ மறந்துவிட்டுத்தான் அதைச் சொல்கிறார்கள். நான் மறந்தது ஆறு பேருக்கான தண்ணியை. (எங்கள் மலேசிய ஈப்போவில் தே என்கிற டீ, கோப்பி, மைலோ எல்லாமே தண்ணிதான். வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம், நான் வேலை பார்த்தது முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மாமாவின் கடையில் ஆர்டர் எடுக்கச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே இருபது வருடமாக இருந்த காதர் அண்ணன் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. ஐந்து மேசைக்காரர்கள் சொன்னதையும் தண்ணி கலக்குபவரிடம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். அவரைப் பார்த்து நானும் பேனாவைத் தூக்கிப் போட்டேன்.

"எல்லாத்தையும் வச்சிக்க மண்டையில எடம் ஏதுடா?" என்றார் அவர். "தெரிஞ்ச ஆளு மேல மாட்டி வச்சிக்கோ லா. அப்புறம் அவருக்கும் இவருக்கும் என்னா வித்தியாசம், அத மட்டும் பிடிச்சிக்கோ."

அவர் சொன்னது சரிதான். அந்த நேரத்துக்கு மனத்தில் நிற்பது நாலைந்து விஷயம். அடுத்தது ஏறினால் முதலில் ஏறியது இறங்கிவிடும். நாள்பட உள்ளே ஊறியது மட்டும் இறங்காது. புதியதை அதனோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பிழைத்தோம். நான்தான் பாதியைக் கேட்டுவிட்டு, வித்தியாசம் என்ற மீதிப் பாதியைக் காற்றில் விட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை கோலா கங்சாரிலிருந்து பெண் வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையை வேலை செய்யும் இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது பெண்ணின் அத்தாவுடைய, அதாவது அப்பாவுடைய கொள்கை. பெண் பெயர் நசீமா. அவள் படம் இரண்டு வாரமாக என் சட்டைப்பையில் இருந்தது. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்ற நிலையில் இருந்தேன்.

"எழுதிக்கோடா," என்றார் மாமா.

"எல்லாம் இங்க இருக்கு மாமா," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன்.

"எனக்குத் தே ஓ கொசோங், தம்பி," என்றார் அத்தா. "பாலு, சீனி ஒண்ணும் வேணாம். இனிப்பு நீர் வியாதி இருக்கு."

பெரிய மீசை, நீலச் சட்டை. அச்சு அசல் எங்கள் வாடிக்கையாளர் லாரிக்கார முருகேசு அண்ணன். அவர் மேல் மாட்டினேன். நசீமாவின் அம்மாவைத் துணிக்கடை அக்கா மேலும், பெரியத்தாவை வங்கிக் காவலாளி மேலும் மாட்டினேன். இப்படி ஆறு பேர். நசீமா கேட்டது வெறும் சுடுதண்ணி. அவளை யார் மேலும் மாட்டத் தோன்றவில்லை. அவளை மட்டும் அவளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடந்தபோது பக்கத்து மேசைக்காரர், "தம்பி, ரொட்டி சானாய் என்னாச்சு?" என்றார். அவ்வளவுதான். கேட்ட தண்ணியெல்லாம் கழன்று விழுந்து, மாட்டிய ஆட்கள் மட்டும் நின்றார்கள். வாய் தன்பாட்டுக்கு அவர்களுடைய தண்ணியை ஒப்பித்தது. சரியாகச் சொன்னோம் என்ற பெருமை வேறு எனக்கு.

அத்தா ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். அம்மா தன் முன்னால் இருந்த கோப்பியை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

காதர் அண்ணன் மேசையை எட்டிப் பார்த்தார். "டேய், இது முருகேசு தண்ணி. டின்பால் ரெண்டு பங்கு போட்ட தே தாரிக். அது துணிக்கட அக்கா கோப்பி. இந்தப் பக்கம் பேங்க் ஜாகாக்காரரு மைலோ. அவுங்கள்லாம் எங்கடா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். "மன்னிச்சிருங்க. நீங்க பாக்க முருகேசு அண்ணே மாதிரியே இருந்தீங்க…"

"அந்த முருகேசு நல்லா இருக்கணும்," என்றார் அத்தா, கண்ணைத் திறக்காமலே.

அம்மா கிளாஸைப் பிடுங்கி அப்பால் வைத்தார். "ஒரு தண்ணிய ஞாபகம் வச்சிக்கத் தெரியல. நாளைக்கு எம்மவள எங்க ஞாபகம் வச்சிக்கப் போறாரு? எந்திரிங்க, போலாம்!"

நாற்காலிகள் நகர்ந்தன. என் கல்யாணம் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். நசீமா மட்டும் எழவில்லை. சுடுதண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குச் சரியாத்தான்மா வந்திருக்கு."

கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் மாமியார் கடைக்கு வந்தால் பேனாவோடுதான் வருகிறார். ஆர்டரைத் தானே எழுதி என் பையில் திணிக்கிறார். மாமனார் கை கழுவும் சாக்கில் என் பக்கம் வந்து, "மாப்ள, அன்னைக்கு மாதிரி கொஞ்சம் மறந்துருங்களேன்," என்று கெஞ்சுகிறார். எங்கே மறப்பது? அவருடைய கொசோங் இப்போது என் மண்டையின் அடி ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

போன வாரம் முருகேசு அண்ணன் நீலச் சட்டையில் வந்தார். கேட்காமலே கொண்டுபோய் வைத்தேன். ஒரு மடக்கு குடித்தவர் கடை அதிரக் கத்தினார்:

"எவன்டா எனக்கு இனிப்பு நீர்னு சொன்னது?"