மேகங்கட்டி சாமியாரின் தார்ப்பாய்

வாலிகண்டபுரத்தில் இந்த மார்கழியில் வானிலை அறிக்கையை ஒருவரும் சீந்தவில்லை. மேகங்கட்டி சாமியாரே ஊருக்குள் வந்து இறங்கிவிட்ட பிறகு அறிக்கை எதற்கு? ஆள்காட்டி விரலை நீட்டி மேகத்தைக் குறிவைப்பார். மஞ்சள் துணியில் ஒரு முடிச்சுப் போடுவார். அவ்வளவுதான், மேகம் அடுத்த ஊருக்கு ஓடிவிடுமாம். பக்கத்து எசனையில் கொட்டியபோது இங்கே தூறல்கூட விழவில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய ஆள் இருந்தது. இந்த வட்டாரத்து மழை காலங்காலமாக ரோட்டின் ஒரு பக்கத்தை நனைத்து மறுபக்கத்தைக் காயவிடுகிற மழைதான். அது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

சாமியாரின் பழைய பெயர் தங்கசாமி, பழைய தொழில் பந்தல் காண்ட்ராக்ட். போன ஐப்பசி மழையில் கல்யாணப் பந்தல் ஒன்று சரிந்து, தொழிலும் படுத்த பிறகுதான் ஞானம் பிறந்தது. மழையைக் கட்டத் தெரிந்த மகான் தன் பந்தலை ஏன் காப்பாற்றவில்லை? கேட்டால் பாவம் வந்துவிடும் என்று பக்தகோடிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அறுத்து அடித்த மக்காச்சோளம் சர்வீஸ் ரோடு நெடுகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மழை நனைத்தால் போதும், பூஞ்சணம் பிடித்துவிடும், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆகவே ஆளுக்கொரு மூட்டை சோளம் காணிக்கை. கூடவே ஒரு நிபந்தனை. சாமியார் கட்டுப் போட்ட பிறகு எவரும் தார்ப்பாய் போடக்கூடாது. போட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம், கட்டு அறுந்துவிடும்.

அடடா, என்ன மூளை! நனையாவிட்டால் சாமியாரின் சக்தி, நனைந்தால் தார்ப்பாய்க்காரன் குற்றம். போன வாரம் ராசாங்கம் என்ற விவசாயியின் சோளம் நனைந்தது. அவர் டிராக்டரில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயைச் சாமியார் கண்டுபிடித்தார். பாவம் ராசாங்கம், கன்னத்தில் போட்டுக்கொண்டு இன்னொரு மூட்டை அழுதார்.

செல்வம்மாள் குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவள். இந்தச் சோளமும் போனால் குத்தகை கொடுக்க வழியில்லை, நிலத்தை விட வேண்டியதுதான். அவளும் காணிக்கையைக் கொடுத்துவிட்டு, தன் தார்ப்பாயை மடித்து வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். கூடவே வெயிலில் உழைத்த நாத்தனார் வெற்றிச்செல்விக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணி, கெழக்கால கருத்துக்கிட்டு வருது. வூட்டுக்குப் போயி தார்ப்பாயை எடுத்துட்டு வரேன்" என்றாள்.

"சும்மா கெட செல்வி. நம்மளால ஊர் சோளமெல்லாம் நனைஞ்சுதுன்னு பேரு வரணுமா?"

ஊர்ப்பழிக்குப் பயந்தவளிடம் வானத்தைக் காட்டி என்ன பயன்? குவிக்கக்கூடாது என்று சாமியார் சொல்லவில்லையே என்று வெற்றிச்செல்வி சோளத்தையாவது கூட்டிக் குவித்தாள். நிமிர்ந்தபோது பக்கத்தில் சாமியாரின் கொட்டகை கண்ணில் பட்டது. வாசலில் காணிக்கைச் சோளம் குன்றாகக் கிடந்தது. அதன்மேல் பந்தல்காலத்து நீலத் தார்ப்பாய், நாலு மூலையிலும் கல். ஊரே கண்ணை மூடிக் கும்பிட்டதால் அதை யாரும் பார்க்கவில்லை.

அவள் கொட்டகை முன் கூடியிருந்த கூட்டத்தின் நடுவே போய்ப் பணிவாகவே கேட்டாள். "சாமி, ஒங்க சோளத்து மேல தார்ப்பாய் எதுக்குங்க?"

சாமியார் கண்ணைத் திறக்கவில்லை. "அது பனிக்குத் தாயி."

"பனிக்குத்தானா? இப்ப மத்தியானங்க. எடுத்துடுறேன், நல்லாக் காயட்டும்."

நல்ல புண்ணியம் என்று கூட்டம் தலையாட்டியது. வேண்டாம் என்று சாமியார் எந்த வாயால் சொல்வார்? வெற்றிச்செல்வி கற்களைத் தள்ளித் தார்ப்பாயை உருவிவிட்டாள். சாமியாருக்கு ஒரு கண் திறந்தது. மேகம் தலைக்கு மேலே வந்து நின்றது. விரலை நீட்டினார், முடிச்சுப் போட்டார். மறுபடி போட்டார். துணியில் முடிச்சுப் போட இடமில்லாமல் போயிற்று, மேகம் நகரவில்லை. முதல் துளி அவர் நெற்றி விபூதியில் விழுந்தது.

மகான் குதித்தெழுந்து ஓடிவந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார்.

வெற்றிச்செல்வி மறுமுனையை விடவில்லை. "போட்டா கட்டு அறுந்துடுமே சாமி."

"கட்டாவது மண்ணாவது. விடுடி, என் சோளம் நனையுது."

செல்வம்மாள் பாய்ந்து வந்து சாமியார் கையிலிருந்த முனையைப் பிடுங்கினாள். "ஒன்னை நம்பித்தான் என்னுத பரண்ல போட்டேன். இது என் சோளத்துக்கு" என்றாள். அண்ணியும் நாத்தனாரும் தார்ப்பாயை இழுத்துப்போய்த் தங்கள் குவியலைப் போர்த்தினார்கள். மற்றவர்கள் தலைதெறிக்க வீட்டுக்கு ஓடினார்கள். பாதிப்பேர் திரும்புவதற்குள் சோளம் மிதந்தது. ராசாங்கம் ஓடவில்லை. சாமியாரின் குவியலிலிருந்து சாக்கில் வாரிக்கொண்டே, போன வாரமெல்லாம் தார்ப்பாய் போட்டுக் கட்டை அறுத்தது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லச் சாமியார் அங்கே இல்லை. கொட்டுகிற மழையில் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அரியலூர்ப் பக்கம் காட்சி தருகிறாராம், அங்கேயும் கூட்டமாம். அய்யா அரியலூர்க்காரர்களே, அவர் விரலை நீட்டும்போது மேகத்தைப் பார்க்காதீர்கள், அவர் குவியல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தார்ப்பாயைப் பரணில் ஏற்றினாலும் பரவாயில்லை, மூளையையும் சேர்த்து ஏற்றிவிடாதீர்கள்.