பெட்டிக்குள் சிரித்தவர்

பிணம் மறுபடியும் சிரித்துவிட்டது.

ஆறு பேர் கைப்பிடி பிடித்துத் தூக்கி வந்த வெள்ளைச் சவப்பெட்டி, தேவாலயத்தின் நடுவழியில் குலுங்கத் தொடங்கியது. முதலில் உள்ளேயிருந்து 'களுக்' என்று ஒரு சத்தம். தூக்கியவர்களில் ஒருவன் உதட்டைக் கடித்தான், இன்னொருவனுக்குத் தோள் ஆடியது. அவ்வளவுதான், கறுப்பு உடுப்பில் இருபுறமும் உட்கார்ந்திருந்த தீவு ஜனம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது.

"நிறுத்துங்க" என்றார் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற ஹால்ஸ்டைன். அதைச் சொன்ன முகத்தைப் பார்த்ததும், அடங்கப் போன சிரிப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

குற்றமெல்லாம் அந்த முகத்தின் மேல்தான். பாதி ஆயுளாக நார்வே முழுக்க அந்த முகத்தை வைத்துத்தான் அவர் பிழைத்தார். கழுத்தில் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தை மாட்டிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர் மாதிரி மேடையேறுவார். உருக்கமான ஒரு பாட்டை ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் கழுத்து டை அக்கார்டியன் மடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். மனிதர் பாட்டை நிறுத்த மாட்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் தலை இன்னும் கொஞ்சம் குனியும், முகம் மட்டும் அப்படியே இருக்கும். அது எவ்வளவு சோகமாக இருந்ததோ, சபை அவ்வளவுக்குச் சிரித்தது.

அப்பாவின் அடக்கத்தன்று புயலடித்துப் படகு ஓடவில்லை. ஹால்ஸ்டைன் தெற்கே பெர்கன் நகரில் மாட்டிக்கொண்டார். அன்று மாலை நிகழ்ச்சிக்கு அரங்கம் நிறைந்திருக்கிறது என்றார்கள். சரி என்று மேடையேறினார், அதே பாட்டைப் பாடினார், ஜனங்களும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர் அக்கார்டியனைத் தொடவில்லை. படம் எடுக்கப் போகிறேன் என்றார். தான் பார்க்காமல் விட்ட அந்த அடக்கத்தை, ஒருத்தர்கூடச் சிரிக்காமல், ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் பிறந்த தீவுக்கே வந்து, அதே தேவாலயத்தில் ஊர்க்காரர்களையே உட்கார வைத்தார்.

முதலில் காலிப் பெட்டியைத்தான் தூக்கச் சொன்னார். பஞ்சுமூட்டையைத் தூக்குவது போலத் தூக்கினார்கள். உள்ளே ஆள் படுத்தால்தான் நடையில் கனம் தெரியும் என்றார். யார் படுப்பது என்று கேட்டதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஓஸ்முன் மட்டும் கையைத் தூக்கினார். பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், ஹால்ஸ்டைனின் அப்பாவுக்கு உயிர்ச் சிநேகிதர்.

"நான் படுக்கிறேன். ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார் அவர்.

சில நாள் இப்படியே போனது. சிரிக்க வைப்பது தன் முகம்தான் என்று தெரிந்தபின், ஹால்ஸ்டைன் போதகரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்து "எல்லாரும் துக்கமா இருங்க" என்று குரல் மட்டும் வந்தது. ஜனங்கள் அந்த முகத்தைத் தாங்களாகவே கற்பனை செய்துகொண்டார்கள். நேரில் பார்ப்பதைவிட அது மோசமாக இருந்தது போலும், பெட்டியைத் தூக்குமுன்பே சிரிப்பு எழும்பிவிட்டது.

குரலும் வேண்டாம், மணியடித்தால் நடக்கத் தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டு, ஹால்ஸ்டைன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவர் மறந்தே போனது ஒன்று உண்டு. அந்தத் தீவில் வேலை நாளில் மணி அடித்தால் ஏதோ ஒரு படகைக் காணவில்லை என்று அர்த்தம். பெட்டி பாதி வழி வருவதற்குள் துறைமுகத்திலிருந்து ஆட்கள் மழைக்கோட்டும் கயிறும் மிதவையுமாக ஓடி வந்தார்கள்.

"யாரு போனது?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் முன்னால் வந்தவன்.

மூடி தூக்கிக்கொண்டது. ஓஸ்முன் எழுந்து உட்கார்ந்து, "நான்தான்" என்றார்.

அன்றைக்கு அதற்கு மேல் வேலை நடக்கவில்லை.

மறுநாள் ஹால்ஸ்டைன் பெட்டிக்குள் உருளைக்கிழங்கு மூட்டைகளை வைக்கச் சொன்னார். கிழங்கு சிரிக்காது அல்லவா. ஓஸ்முன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை படுக்கிறேனேப்பா. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க, மாமா. வீட்டுக்குப் போங்க. எனக்கு இது விளையாட்டு இல்ல."

"எனக்கும் இல்ல" என்றார் ஓஸ்முன் மெதுவாக. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து அவர் வெளியே போனார்.

கிழங்கு சிரிக்கவில்லைதான். ஆனால் ஒரு மூட்டை அவிழ்ந்து, மூடி நகர்ந்து, ஒரே ஒரு கிழங்கு வெளியே விழுந்தது. அது நிதானமாக உருண்டு போய் ஜெபம் சொல்ல நின்ற பெண் போதகரின் காலடியில் நின்றது. அத்தனை நாளும் கல் மாதிரி நின்ற அந்த அம்மாள் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் ஓடினார்.

"இதுவரைக்கும் எடுத்ததையெல்லாம் அழிச்சிடு" என்றார் ஹால்ஸ்டைன்.

கேமராக்காரி ரான்வெய்க் ஆஸ்லோவிலிருந்து வந்த பெண், எதையும் சுலபத்தில் தூக்கி எறியாதவள். "கிடக்கட்டுமே. சோறா கேக்குது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓஸ்முன் தூக்கத்திலேயே இறந்துபோனார். அவர் மனைவி பொர்கில் ஹால்ஸ்டைனுக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை அடக்கம், கேமராவையும் எடுத்துக்கொண்டு வா என்றார்.

ஹால்ஸ்டைன் போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கிழவரைக் கடைசியாக விரட்டிய வார்த்தை நெஞ்சை அறுத்தது. கூடவே, இது நமக்குக் கிடைத்த காட்சி என்று உள்ளே ஒன்று துள்ளியது, அதை நினைக்க அவருக்கே கூசியது. இது சரியா என்று ரான்வெய்க் கேட்டாள். அவங்களேதானே கூப்பிட்டாங்க என்றார்.

பிறகு வீடு வீடாகப் போனார். அன்றைக்கு என் பக்கம் திரும்பாதீர்கள், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள், இது நிஜமான சாவு என்று கெஞ்சினார். ஒவ்வொரு வாசலிலும் ஜனங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மேல்மாடத்தின் தூணுக்குப் பின்னால் அவர் ஒளிந்து நின்றார். கீழே ஒரு செருமல்கூட இல்லை. வெள்ளைப் பெட்டி கனமாக, ஆடாமல் குலுங்காமல் நடுவழியில் போனது. அப்பா இப்படித்தான் போயிருப்பார். ஹால்ஸ்டைன் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த முகம் மாறியது. அதைப் பார்க்க ஒருத்தரும் திரும்பவில்லை.

புதைத்த பிறகு பக்கத்துக் கூடத்தில் காபி. அங்கே ரொட்டியும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டே, செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதுதான் ஊர் வழக்கம். அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஹால்ஸ்டைன் கெஞ்சியது காபிக்கும் சேர்த்தா இல்லையா என்று தெரியாமல், எல்லோரும் இறால் வைத்த ரொட்டியை மென்று விழுங்கினார்கள்.

பொர்கில் தன் காபியை எடுத்துக்கொண்டு ஹால்ஸ்டைன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை. ஒருத்தர்கூடச் சிரிக்கல."

"பார்த்தேன்." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னாடி எடுத்தியே, பெட்டி குலுங்கினது. அதெல்லாம் இருக்கா?"

ஹால்ஸ்டைன் பதறிப்போய் ரான்வெய்க்கைப் பார்த்தார். இருக்கிறது என்று அவள் தலையாட்டினாள்.

"அதெல்லாம் கெட்டுப்போனது, அத்தை. அது எதுக்கு?"

"வசந்தத்துலேயே டாக்டர் கையை விரிச்சிட்டார். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டார் இவர். தினமும் சாயங்காலம் உன் பெட்டியிலேர்ந்து எழுந்து வந்து, 'இன்னிக்கும் என் அடக்கத்துல நல்லா சிரிச்சாங்க'ன்னு சொல்லிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்" என்றார் பொர்கில். "இன்னிக்கு நீங்க புதைச்சது சரி, அவர் உயிரோட இருந்து கேட்ட அடக்கத்தைப் போடு, நான் பார்க்கணும்."