பிரபஞ்சத்தின் முடிவு தாமதமாவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துபவர் வரை அனைவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். என் மனைவி நலமா என்பது நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தெரியும். அதற்குள் தங்கள் பத்திரிகை மீது எனக்குள்ள புகாரைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் பேருந்து நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். டிரைவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'அலாரம்'. 'வரலாம்', 'வராமலும் போகலாம்' என்று என் வாயிலிருந்து ஒரு பயணிகூடக் கேட்டதில்லை. பிரபஞ்சத்தைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் 'லாம்' என்று முடியும் சொற்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று இருக்கின்றன.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். என் மனைவிக்கு மார்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை முடிவு தெரியும் என்றார்கள். வெள்ளிக்கிழமை பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் இருவரும் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டோம். கவுன்டரில் ஆள் இல்லை. "முடிவு எப்பங்க வரும்?" என்று பொதுவாகக் குரல் கொடுத்தேன். பக்கத்து நாற்காலியில் பையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பிளம்பர் ஒருவர், தலையை நிமிர்த்தாமலே, "ரெண்டாயிரத்து இருநூறு கோடி வருஷம் ஆகும்னு போட்டிருக்கு சார்" என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. பட்டாணி அளவுக் கட்டிக்கு இத்தனை வருஷமா, நிர்வாகம் என்ன தூங்குகிறதா என்று நான் போட்ட சத்தத்தில் ரத்தம் கொடுக்க வந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பிறகுதான் அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'பிரபஞ்சத்தின் முடிவு என்ன?' என்று கொட்டை எழுத்தில் தங்கள் தலைப்பு.

இதற்குள் கவுன்டர்ப் பெண் வந்துவிட்டாள். கேள்வி கேட்டது நான். அவளோ என் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் வரல சார், திங்கட்கிழமை வாங்க" என்றாள். பதில் சொல்லும்போது கேட்டவனைப் பார்க்க வேண்டும் என்பது விசாரணைக் கவுன்டரின் முதல் பாடம். அதைக்கூட இப்போது யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

கோபத்தில் நிலையத்துப் பத்திரிகையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். நாளை திருப்பிக் கொடுத்துவிடுவேன். நேற்றும் இன்றும் கட்டுரையை ஒன்பது முறை படித்தேன். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, அதுவும் வேகம் கூடிக்கொண்டே போகிறது, தள்ளிவிடுவது எது என்று இன்னும் பிடிபடவில்லை என்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை அந்த பிளம்பர், "பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கு, மோட்டார் எங்க இருக்குன்னு தெரியலன்னு நான் சொன்னா, வாசல்லயே வெச்சு அனுப்பிடுவாங்க சார்" என்றார். நியாயம்தானே? முடிவாவது ஒன்றாக இருக்கிறதா என்றால் அதிலும் மூன்று. விரிந்து விரிந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்து எல்லாம் குளிர்ந்து போகலாம். திரும்பிச் சுருங்கி நசுங்கலாம். அல்லது அணு வரைக்கும் கிழிந்து போகலாம், அதற்குத்தான் அந்த இரண்டாயிரத்து இருநூறு கோடி. தூரத்தில் இருக்கும் நட்சத்திர மண்டலங்களின் வெளிச்சம் ஒரு காலத்தில் நம்மை வந்து சேரவே சேராது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கிளம்பின வண்டி வந்து சேராது என்று மைக்கில் அறிவித்திருந்தால் என்னை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "எல்லாம் சரிங்க, எதுக்குள்ள விரியுது?" என்றாள். தேடிப் பார்த்தேன், அதற்குத் தங்களிடம் பதில் இல்லை. அவளோ எழுந்து போய்ச் சமையலறை டப்பாக்களில் பேப்பர் ஒட்டி, உப்பு, சர்க்கரை என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். நாற்பது வருஷமாக எழுதாமலே தெரிந்த உப்பு அது. பிறகு என்னைக் கூப்பிட்டு வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். நான் நட்சத்திரங்கள் அணைவதைப் பற்றி யோசித்துக்கொண்டே சோப்புத் தூளை மூன்று மடங்கு கொட்டிவிட்டேன். நுரை கூடம் வரைக்கும் விரிந்தது. வழுக்கி விழுந்ததில் என் இடது முழங்கை இன்னும் மடங்க மறுக்கிறது. இதற்கும் தங்கள் கட்டுரையே பொறுப்பு. "இதெல்லாம் எனக்கு எதுக்குச் சொல்ற?" என்று கத்தினேன். "பிரபஞ்சத்தையே தெரிஞ்சுக்கிறீங்க, ஒரு பட்டனைத் தெரிஞ்சு வெச்சுக்கக் கூடாதா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மேல் எனக்குக் கத்த வரவில்லை.

ஆசிரியர் அவர்களே, எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, தங்களிடம்தான் சொல்கிறேன். நல்லதோ கெட்டதோ, இன்ன நேரத்தில் இன்னது என்று தெரிந்துவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படி மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்று நடுவில் நிற்க வைத்தால் என்னால் முடியவில்லை. இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வரும்போது எங்கள் முடிவு எங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் முடிவையும் விஞ்ஞானிகளிடம் கண்டிப்பாகப் பேசி, மூன்றில் ஒன்றை அடித்துச் சொல்லி, அடுத்த இதழிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமதமானால் எத்தனை நிமிடம் தாமதம் என்பதையாவது தெரிவிக்கவும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எல்லா நன்மையும் குறித்த நேரத்தில் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டைம் கீப்பர்

பின்குறிப்பு: ஐயா, இதை எழுதுவது அவர் மனைவி. உறையை ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். ரிப்போர்ட் வியாழக்கிழமையே வந்துவிட்டது. நான் தனியாகப் போய் வாங்கி, டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல செய்தி இல்லை. அதிக நாளும் இல்லை என்கிறார். திங்கட்கிழமை என்று சொல்லும்படி அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டது நான்தான். பாவம், அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. இந்த மூன்று நாளாவது இவர் பிரபஞ்சத்துக்காகக் கவலைப்படட்டும் என்று நினைத்தேன். அதற்குத் தங்கள் கட்டுரை நன்றாக உதவியது. நாளைக் காலையில் நானே அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் கேட்டபடி முடிவு எதையும் அடித்துச் சொல்லிவிட வேண்டாம், கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வையுங்கள். இவர் இனிமேல் தங்களுக்கு அடிக்கடி எழுதுவார். தயவு செய்து ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுங்கள்.