போன்ல வேண்டாம், நேர்ல சொல்றேன்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம், டெலிபோன் ரிசீவரைக் கழற்றியது. உள்ளே அரசாங்கம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. அவர் டார்ச் பிடித்தார், நான் திருகினேன்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். தாம்பரம் பக்கம் தெருவுக்கு ஒருவர் உண்டு. எண்பத்திரண்டில் எழுதிப்போட்டு, தொண்ணூறில் போன் வந்ததும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்ட உறை தைத்து மாட்டி, முதல் அழைப்பிலேயே குரலைத் தாழ்த்தி, "போன்ல வேண்டாம், நேர்ல சொல்றேன்" என்பார். கத்தரிக்காய் 'அந்தச் சாமான்' ஆகிவிடும், திருநீர்மலைக் கோயில் 'அந்த இடம்' ஆகிவிடும், லைனில் 'கடக்' என்று ஏதாவது கேட்டால், "வணக்கம் சார், சாப்பிட்டாச்சா?" என்று ஒட்டுக் கேட்பவரையும் விசாரித்துவிட்டுத்தான் பேச்சு தொடரும். மரியாதை முக்கியம்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்ஜினியர். கேபிளில் மழைத்தண்ணீர் இறங்கினால் அப்படிச் சத்தம் வரும் என்று படம் போட்டு விளக்கினேன்.

"மேலேர்ந்து உத்தரவு வந்தா?"

"எக்ஸ்சேஞ்சிலேயே ஒரு ஒயர் சேர்ப்பாங்கப்பா. ரிசீவருக்குள்ள ஒண்ணும் வைக்க மாட்டாங்க. உங்க கத்தரிக்காயை யாரு கேக்கப் போறா?"

"கேக்கறாங்களான்னு நான் கேக்கல. கேக்க முடியுமா?"

"முடியும்."

"அப்ப அது என் போன் இல்லையே."

நான் கடைசித் திருகையும் கழற்றினேன்.

ரிசீவருக்குள் இருந்தது கரித்தூள் மைக் மட்டும். அப்பாவுக்கு ஏமாற்றம். "ஒரு விஷயம் சொல்லணும்மா" என்று ஆரம்பித்தவர், என் கையில் திறந்து கிடந்த ரிசீவரைப் பார்த்தார். "இப்ப வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வா, சொல்றேன்."

வியாழக்கிழமை மாரடைப்பு. போய்விட்டார்.

பக்கத்து டயர் கடை ஜமால் பாய் வந்து உட்கார்ந்தார். "பத்து நாளா மார் அடைக்குதுன்னு சொல்லிகினு இருந்தாரே. ஞாயித்துக்கெழம பொண்ணு வருது, தாம்பரத்துல இ.சி.ஜி. எடுக்கக் கூட்டிகினு போவும்னாரு. இன்னாம்மா, உனக்கு சொல்லலியா?"

இந்த இனத்தின் இன்னொரு குணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். போனில் மூச்சு விடாதவர், காம்பவுண்டுச் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார். டயர் கடைக்குத் தெரியும், கீரை விற்கும் கன்னியம்மாவுக்குத் தெரியும், பஞ்சர் ஒட்ட வந்தவருக்கெல்லாம் தெரியும். சர்க்காருக்குத் தெரியாது. அந்த மட்டில் அப்பா ஜெயித்துவிட்டார். நானும் சர்க்கார் ஆள்தான். எனக்கும் தெரியாது.

சிரிக்கிறீர்களா? நீங்கள் ஒளிக்க ஒன்றுமில்லாதவர். சரி, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போடுங்கள். "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று அவள் கேட்டதும், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், பார்க்கலாம். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்கிறீர்களே, லைனில் வேறு யார் இருக்கிறார்கள்?

இ.சி.ஜி. எடுக்கும் இடத்தை நேற்று பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அப்பா வீட்டிலிருந்து இரண்டே ஸ்டாப்.