டவுன் பஸ்ஸுக்கு ஒரு அப்டேட்

பஸ் கிளம்பிவிட்டது. கதவு மூடிய சத்தம் மட்டும் வரவில்லை. டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தி, பொத்தானை மறுபடி அழுத்தினார். கதவு திறந்தது, மூடியது. பூனை நடந்து போன மாதிரி இருந்தது.

"இதெல்லாம் ஒரு பஸ்ஸா?" என்றார்.

"எதுக்கு இப்ப சலிச்சுக்கறீங்க?" மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"கதவு சத்தம் இல்லைன்னா ஜனங்க ஏறிட்டாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஜனங்களே இல்லையே அதுல."

அதுவும் வாஸ்தவம்தான். பஸ் ஓடிக்கொண்டிருந்தது டிவிக்குள்ளே. டிரைவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நான்கு மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டிய மனிதர் இரண்டே வாரத்தில் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்ததும், மச்சான் மனசு கேட்காமல் ஒரு ஸ்டியரிங், மூன்று பெடல், வண்டி ஓட்டும் விளையாட்டு ஒன்று என்று வாங்கி வந்து கூடத்தில் மாட்டிவிட்டுப் போனான். கிளட்ச் மிதிக்க இடது கால் மடங்கவில்லை. தரை துடைக்கிற மாப்புக் குச்சியால் அதை அழுத்திக்கொண்டார். காலை ஒன்பது மணிக்கு, நிஜ டியூட்டி நேரத்துக்கே, யூனிஃபார்ம் சட்டை போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த வாரம்தான் விளையாட்டுக் கம்பெனி திரையில் ஒரு அறிவிப்புப் போட்டிருந்தது. பழைய வண்டிகளில் எதை முதலில் புதுப்பிக்க வேண்டும், எழுதி அனுப்புங்கள் என்று. டிரைவர் சொல்லச் சொல்ல மனைவி போனில் தட்டினாள்.

"ஆம்புலன்ஸ் சைரன் குக்கர் மாதிரி கத்துது. ஆனா அது இருக்கட்டும்."

"ஆம்புலன்ஸையே இருக்கட்டும்ங்கறீங்க?"

"அதுல யாரும் படுத்திருக்கலையே. பழைய கார்ல வைப்பர் இல்ல. மழை வந்தா ஓரமா நிறுத்திக்கலாம். டவுன் பஸ் அப்படியா? ஒன்பது மணி வண்டின்னா ஒன்பது மணிக்கு வரணும். அதைத்தான் முதல்ல சரி பண்ணணும். கதவு சத்தம் வேணும்னு பெரிசா போடு."

மூன்றாம் நாள் காலை கதவு சத்தம் வந்தது. தகரம் தகரத்தில் இடிக்கும் அசல் சத்தம். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்குப் போன் போட்டு, போன் வழியாக இரண்டு தடவை கேட்கவைத்தார்.

நான்காம் நாள், பொத்தானைத் தொடாமலே கதவு திறந்தது. பாலத்து நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார். கதவு திறந்த கையோடு வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. கொஞ்சம் நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. படியில் ஒவ்வொருத்தராக ஏறினால் எப்படிச் சாயுமோ அப்படி. இருபத்தாறு வருடம் முதுகுத்தண்டால் உணர்ந்த சாய்வு அது. எண்ணிப் பார்த்தார். ஒன்பது பேர்.

"ஸ்பிரிங் கோளாறு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பெனிக்கும் அப்படியே எழுதச் சொன்னார். "உள்பக்கக் கண்ணாடி வேலை செய்யல, வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க முடியலன்னும் எழுது."

மறுநாள் கண்ணாடி வேலை செய்தது. வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். வரிசை வரிசையாகத் தலைகள் தெரிந்தன. எல்லாம் குனிந்த தலைகள். ஒன்றுகூட நிமிரவில்லை. டிரைவர் மாப்புக் குச்சியை நழுவவிட்டார். வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி நின்றது. அப்போதும் யாரும் நிமிரவில்லை.

"இங்க கொஞ்சம் வா," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். "நல்லாத்தானே போட்டிருக்கான். நீங்கதானே கேட்டீங்க?"

"நான் கண்ணாடிதான் கேட்டேன். ஆள் கேட்கல."

"கண்ணாடின்னா அதுல ஏதாவது தெரியத்தானே செய்யும்." அவள் போய்விட்டாள்.

ஆனால் அவர் கண்ணாடியை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். எத்தனை பொம்மை மனிதர்களை விளையாட்டில் பார்த்திருக்கிறார், ஒன்றும் இப்படி மூச்சு விட்டதில்லை. தோள்கள் ஏறி இறங்கின. இவ்வளவு பேர் இருந்தும் வண்டிக்குள் பொட்டுச் சத்தம் இல்லை. அதுதான் ரொம்பக் கிலியாக இருந்தது. சத்தம் இருந்தால் பயம் தெளியும் என்று நினைத்து, பயணிகளுக்குக் குரல் கொடுங்கள் என்று எழுதினார்.

அதற்கடுத்த நாள் யாரோ இருமினார்கள். ஒரு பையின் ஜிப் திறந்து மூடியது. தபால் நிலைய வளைவில் பஸ் திரும்பும்போது, அவர் பிடரிக்குப் பின்னாலேயே ஒரு பெண் குரல் கேட்டது. "கொஞ்சம் மெதுவாப் போங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் சோபாவும் காயப்போட்ட துண்டும்தான் இருந்தன.

மனைவி ஒரு தம்ளர் தண்ணீரோடு கூடத்துக்கு வந்து சுற்றிப் பார்த்தாள். "யாரோ பேசினாங்களே. யாரு வந்திருக்கா?"

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுதான் தண்ணி கொண்டுவந்தேன்."

டிரைவர் அந்தத் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் நிதானமாகப் பேசினாள்.

"எந்த வண்டி சார்?"

"பழைய டவுன் பஸ். நீங்க பண்ணின அப்டேட்டையெல்லாம் திருப்பி எடுத்துக்கங்கம்மா. கதவு சத்தம் மட்டும் இருந்தாப் போதும்."

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "அந்த வண்டியை நாங்க இன்னும் தொடவே இல்ல சார். உங்க கடிதம் வரிசையில நானூத்துப் பதினொண்ணாவதா இருக்கு."

"அப்ப கதவு சத்தம்?"

"அந்த பஸ்ஸுக்குக் கதவு சத்தமே கிடையாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்மா," என்று போனை வைத்தார்.

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் ஒரு யோசனை தோன்றியது. கோளாறு பழைய பஸ்ஸில்தானே? அதை விட்டுத்தள்ளிவிட்டுப் போன மாதம் வந்த புத்தம் புதிய மணல் லாரியை எடுத்தார். உள்பக்கக் கண்ணாடி கிடையாது, பயணி கிடையாது, கதவு டிரைவருக்கு மட்டும். நிம்மதியாகப் பாலம்வரை போனார். அங்கே சிக்னலில் நின்றபோது லாரி இடது பக்கம் சாய்ந்தது. ஒன்பது தடவை.

பின்பக்கம் பார்க்கும் கேமராவைத் திருப்பினார். மணல் குவியல் மேல் ஒன்பது பேர் பைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். காற்றுக்கு ஒருத்தி துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டாள்.

பயத்தையும் மீறி டிரைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் வண்டியில் ஏறியவர்களை இப்படி மணலில் உட்காரவைத்து அவர் என்றைக்கும் கூட்டிப்போனதில்லை. குழி பார்த்து ஓட்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி இறக்கினார். கடைசி ஆள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது யாரோ டிரைவர் பக்கக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்கள். போகலாம் என்று கண்டக்டர் தட்டுவது போல.

அதோடு போதும் என்றாகிவிட்டது. மதிய ஷிப்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு மேலும் பயமாக இருந்தது.

"பேசாம அழிச்சிடுங்க," என்றாள். "கால் சரியாகிறவரைக்கும் பேப்பர் படிங்க."

அவளே உட்கார்ந்து விளையாட்டை அழித்தாள். ஸ்டியரிங்கைக் கழற்றி, பெடல்களைச் சாக்கில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மாப்புக் குச்சி குளியலறைக்குத் திரும்பியது. ஆபரேஷனுக்குப் பிறகு டிரைவர் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கியது அன்றைக்குத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு அவர் யூனிஃபார்ம் போடவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடு அமைதியாக இருந்தது. இந்த அமைதிக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

ஒன்பது பத்துக்கு அழைப்பு மணி அடித்தது.

அக்குள் கட்டைகளை ஊன்றிப் போய்க் கதவைத் திறந்தார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும், பாங்கில் வேலை பார்க்கும் பெண் தோளில் பையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டில் இன்னும் எட்டுப் பேர், குடியிருப்பில் போகவர முகம் பார்த்தவர்கள்தான். காலைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று டிரைவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"இப்ப பரவாயில்லம்மா," என்றார். "இன்னும் ஒரு மாசத்துல நடந்திடுவேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சந்தோஷம்ணே. ஆனா ஒன்பது மணி வண்டியை ஏன் இன்னும் எடுக்கல? லாரியா இருந்தாலும் பரவாயில்ல, எடுங்க, எங்க எல்லாருக்கும் வேலைக்கு நேரமாச்சு."