நானூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை வாகனத்தின் முன்சில்லு. மிளகாய் காயவிட்டிருந்த படங்கின் விளிம்பில் அது வந்து நின்றது. இன்னும் ஓரடி உருண்டிருந்தால் அன்றைய மீளாய்வு அங்கேயே முடிந்திருக்கும். (முடிந்திருந்தால் என் மானமாவது மிஞ்சியிருக்கும்.)

பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் எழுதியதை வெட்டிச் சுருக்கிய ஆள் நான். ஐந்து பந்தியில் வருவதை இரண்டு பந்தியாக்குவேன். நிருபர்கள் என்னைக் கண்டால் கடுதாசியை மறைப்பார்கள். ஓய்வு பெற்று மல்லாவிக்கு வந்த பிறகு நானே எழுத உட்கார்ந்தேன். என்னை வெட்ட அங்கே எவரும் இருக்கவில்லை. நடந்த அவ்வளவுக்கும் அதுதான் காரணம்.

என் மனைவியின் தங்கை வதனி, எனக்கு மச்சாள், வீட்டோடு கறித்தூள் செய்து விற்கிறாள். இரண்டு பெண்கள் அவளோடு சேர்ந்து வறுக்கிறார்கள். அரைக்கச் சந்தையடி மில்லுக்குப் போக வேண்டும். முந்தின ஆள் உளுந்து அரைத்திருந்தால் எங்கள் தூளில் உளுந்து மணக்கும். சொந்தமாக ஒரு அரைக்கிற மெஷின் வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருஷக் கனவு. ஒரு உதவி நிறுவனம் மெஷின் தருவதாகச் சொன்னது. ஒரு நிபந்தனை: இணையத்தளம் ஒன்றைத் தொடங்கி ஆறு மாதத்தில் வியாபாரம் முன்னேறியதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மெஷின் நெடுங்கேணியில் காத்திருக்கும் இன்னொரு குழுவுக்குப் போகும்.

தளத்தைச் செய்தவர் வவுனியாவில் கடை வைத்திருக்கும் நசீர். எழுத்து வேலையை நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். "எங்கள் கதை" என்று தலைப்புப் போட்டு ஆயிரத்து அறுநூறு சொல் எழுதினேன். போர்த்துக்கேயர் கப்பலில் மிளகாய் கொண்டு வந்ததில் தொடங்கினேன். நான்காவது பந்தியில் ஒல்லாந்தர் வந்தார்கள். பதினோராவது பந்தியில் வதனி வந்தாள். அவளுடைய போன் நம்பர் கடைசிப் பந்தியின் கடைசி வரியில் வந்தது.

நசீர் வாசித்துவிட்டு மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"சேர், ஆக்கள் இதைப் போன்ல பாப்பாங்க. பஸ்ஸுல ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு, மத்தக் கையால பாப்பாங்க. மூணு செக்கன்தான் நிப்பாங்க."

"நல்ல எழுத்தெண்டா பஸ்ஸால இறங்க மறந்திடுவினம்," என்றேன்.

(உண்மையாகவே அப்படிச் சொன்னேன்.)

அவர் விட்டுக்கொடுத்தார். ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. முகப்பில் இருந்த பொத்தானில் "எங்கள் கதை" அடங்கவில்லை, சின்னப் போனில் உடைந்து இரண்டு வரியானது. எனக்குப் பழைய இரத்தம் சூடாகியது. தலைப்பு வெட்டுவது என் தொழில் அல்லவா? "எங்கள்" என்பதை வெட்டினேன். "கதை" மிஞ்சியது. பச்சை நிறப் பொத்தான், வெள்ளை எழுத்து. ஆயிரத்து அறுநூறு சொல்லில் நான் வெட்டிய ஒரே சொல் அது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நசீர் அனுப்பும் கணக்கைப் பார்ப்பதே என் வேலை. எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பொத்தானை அமத்தினார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எல்லாம் இருக்கும். மற்றப் பக்கங்கள் ஈயடித்தன. "கதை"யை மட்டும் சனம் அமத்தித் தள்ளியது. ஆறாம் மாத முடிவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் ஒரே பின்னேரத்தில் ஒன்பது தரம் அமத்தியிருந்தார். அன்று எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

"சேர், ஆனா ஏழு செக்கன்தான் நிக்கிறாங்க," என்றார் நசீர்.

"சொல் இறுக்கமா இருந்தா கெதியா வாசிக்கலாம்."

வந்தவர்களை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க, கப்பல் படம் ஒன்றும் மேலும் இருநூறு சொல்லும் சேர்த்தேன். கவனம் சிதறிய சனத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து அதுதான்.

வதனி மட்டும் மில்லுக்குக் கொண்டுபோகும் சாக்கைக் கட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "அத்தான், இவ்வளவு சனம் வாசிக்குதெண்டா ஏன் ஒருத்தரும் தூள் கேக்கினமில்லை?"

"இப்ப நம்பிக்கை வளருற கட்டம்."

"அது வளர்ந்து முடியுறதுக்குள்ள மெஷின் நெடுங்கேணிக்குப் போயிடும்."

இப்படி இருந்தபோதுதான் அந்த வெள்ளை வாகனம் வந்தது. இறங்கியவர் மீளாய்வுக்காகக் கிளிநொச்சியிலிருந்து வந்த உதவி நிறுவனப் பெண் உத்தியோகத்தர். ஒரு தோளில் பை, மற்றத் தோளுக்கும் காதுக்கும் இடையில் போன், கையில் படிவம். வதனி கதிரை போட்டாள். அவர் இருக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள். வாங்கி, குடிக்காமல், படிவத்தை அதன் மேல் மூடிவிட்டார். சாரதி அவசரப்படுத்திக் கோன் அடித்தார். நான் பன்னிரண்டு பக்க அறிக்கையை நீட்டினேன்.

"ஐயா, குறை நினையாதேங்கோ. நெடுங்கேணிக்கும் போக வேணும். நான் நிண்டபடியே உங்கட தளத்தைப் பாக்கிறன்."

ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் போன். பெருவிரலால் பச்சைப் பொத்தானை அமத்தினார். என் எழுத்தை ஒருவர் கண் முன்னால் வாசிக்கப் போவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன்.

அவர் போனைக் காதில் வைத்தார்.

முற்றத்தில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஹலோ," என்றார். பிறகு, "ஹலோ?" பிறகு எங்களைப் பார்த்து, "ரிங் போகுதில்லையே."

"ஆருக்கு எடுக்கிறியள் மிஸ்?" வதனி கேட்டாள்.

"உங்களுக்குத்தான். இதில 'கதை' எண்டு போட்டிருக்கு. அமத்தினனான்." போனை இறக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இதென்ன பிள்ளை? உங்களோட கதைக்க எடுத்தா போர்த்துக்கேயர் வருகினம்."

ஏழு செக்கன் என்பது போனைக் காதில் வைத்து இரண்டு தரம் ஹலோ சொல்லி இறக்குகிற நேரம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்பது தரம் அமத்தியவர் என் இரசிகர் அல்ல. தூள் முடிந்து, கறி அடுப்பில் இருந்த யாரோ ஒரு மனிதர். எங்கள் ஊரில் கதை என்றால் கதைக்கிறது, அதாவது பேசுவது. நானே காலையில் எழுந்ததும் நாலு பேரோடு கதைத்துவிட்டுத்தான் பல்லுத் தீட்டுகிறவன்.

உத்தியோகத்தர் படிவத்தை எடுத்தார். "வாடிக்கையாளர் இலகுவாகத் தொடர்புகொள்ளலாமா" என்று ஒரு கேள்வி இருந்தது. பேனை "இல்லை" என்ற கட்டத்துக்கு மேலே நின்றது.

வதனி என் அறிக்கையை என் கையிலிருந்து பறித்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, மிளகாய் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"மிஸ், இதில நானூற்றுப் பன்னிரண்டு பேர் எண்டு அத்தான் எழுதியிருக்கிறார். அப்ப அவ்வளவு பேரும் எங்களோட கதைக்க வந்த ஆக்கள்தானே? தூள் கேட்டு வந்த சனம். நாங்கள் போனை எடுக்காமல் விட்டிருக்கிறம், அவ்வளவுதான்."

உத்தியோகத்தர் அந்த வரியை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக, கதிரையில் இருந்தார்.

"இரண்டு கிழமை தாறன்," என்றார். "கதை எண்டா ரிங் போக வேணும். விளங்கிச்சோ ஐயா?"

"ஓம்," என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சுருக்கமான பதில் அது.

வாகனம் படலை தாண்டுமுன் நசீரைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு போனில் கேட்டது. அரை மணித்தியாலத்தில் பொத்தானை மாற்றிவிட்டார், அமத்தினால் அழைப்புப் போகும். ஒல்லாந்தரையும் கப்பலையும் பக்கத்தின் அடியில், "வரலாறு" என்ற பெயரில், சின்ன எழுத்தில் அடக்கம் செய்தார். யாருடைய நம்பரைப் போடுவது என்று கேட்டார். வதனி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், முழங்கை வரை மிளகாய்த்தூள்.

"அத்தான்ர நம்பரைப் போடுங்கோ. அவருக்குக் கதைக்க விருப்பம்."

இரண்டாவது கிழமை முடியுமுன் தூள் முடிந்தது. அடுத்த மாதம் மெஷின் ட்ரக்டர் பெட்டியில் வந்து இறங்கியது. இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், வதனி வெறுங்கையைக் காதில் வைத்து, "ஹலோ? ஹலோ?" என்பாள். என் மனைவி குசினியிலிருந்து, "போர்த்துக்கேயர் வந்திட்டினமோ?" என்று கேட்பாள்.

நேற்று எனக்குப் பதினேழு அழைப்புகள் வந்தன. ஆக நீண்டது நாற்பத்தொரு செக்கன்.