லண்டன் வண்டி தெளித்த மஞ்சள் தண்ணீர்

வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவள் என்றால், உலகத்தில் கெட்டுப்போகும் எல்லாச் சாமானும் அவள் தலையில்தான் வந்து விழும். டாக்டர் கிறுக்கிய மருந்துச் சீட்டை வாசிக்க வேண்டும். ரேடியோ கரகரத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆடு இளைத்தால்கூட, "பி.எஸ்ஸி. படிச்சிருக்கேல்ல, என்னான்னு பாரு" என்பார்கள். நான் படித்தது இயற்பியல் என்று சொல்லிப் பயனில்லை. (தெரியாது என்று சொல்ல என் கௌரவமும் இடம் கொடுக்காது.)

அப்பா கோச்சடையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன பழைய வண்டி. தெருவே அதை லண்டன் வண்டி என்றுதான் சொல்லும். அதில் கண்ணாடியைத் துடைக்க வைப்பர் உண்டு. தண்ணீர் அடிக்க ஏற்பாடு கிடையாது. உசிலம்பட்டிச் சாலைப் புழுதியில் அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சன்னல் வழியாகச் செம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் வீசுவார். அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நான் சிம்மக்கல் பழைய சாமான் கடையில் கரண்டில் ஓடும் சின்னத் தண்ணீர் பம்ப் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தண்ணீருக்கு ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட குளுக்கோஸ் பாட்டில். பானெட்டின் மேல் இரண்டு பித்தளை மூக்குகள். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். தெருவில் பாதிப் பேர் வந்து நின்று பார்க்க, நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பூட்டினேன்.

சுவிட்சை அமுக்கியதும் பம்ப் உறுமியது. தண்ணீர் மட்டும் பல் முளைக்காத பிள்ளைக்கு எச்சில் வடிவது போல வழிந்தது. மூக்குகளை நிமிர்த்தினேன். போதவில்லை. வானத்தைப் பார்க்கிற அளவுக்கு நிமிர்த்திய பிறகுதான் கண்ணாடி லேசாக நனைந்தது. "பரவால்லத்தா, அழுகுது" என்றார் அப்பா. அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் எனக்கு உறைத்தது. புத்தகப்படி காரின் இரும்பு உடம்பு பேட்டரியின் நெகட்டிவ் முனை. இந்தக் காலத்து வண்டிகளுக்கு அது சரி. லண்டன் வண்டிக்கு அது பாசிட்டிவ்! பம்ப் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது; அதனால்தான் அந்த எச்சில் வடிசல். ஓடிப்போய் இரண்டு வயர்களையும் மாற்றி முடுக்கினேன். அதற்குள் அம்மா மஞ்சளைக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிவிட்டது.

"ஏம்மா, மஞ்சள் அடைச்சுக்கிரும்மா."

"புதுசா ஒண்ணப் பூட்டிருக்க. மஞ்ச இல்லாம எப்புடி?"

சண்டையை முடிக்கவோ, பம்பை ஓட்டிப் பார்க்கவோ நேரமில்லை. எழுமலையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, இறந்துபோனார்.

அந்தச் சாவுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அத்தை மகன் தவசிக்கு என்னைக் கேட்டார்கள்; நான் மாட்டேன் என்றிருந்தேன். பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் சேர வேண்டும். "படிக்கட்டும்க்கா" என்று அப்பா சொன்னதிலிருந்து அத்தை வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அதன் பிறகுதான் மாமா படுக்கையில் விழுந்தார். அவரைக் கொன்றது நுரையீரலா நானா என்பதில் சொந்தக்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை.

வழியெல்லாம் அப்பா பழையபடி செம்புத் தண்ணீரை வீசியே ஓட்டி, அது தீர்ந்த பிறகு, அத்தை வீட்டுத் தெருமுனையில் பந்தலுக்கு எதிரே கார் நின்றது. அம்மா இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஓடியது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. தவசி மச்சான், அழுது சிவந்த கண்ணோடு வந்து, நாங்கள் கொண்டுவந்த கோடித் துணியை எடுக்கக் காரின் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். நான் முன்சீட்டை விட்டு இறங்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாடை போக வழிவிட்டு வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அப்பா புழுதிக் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"ஒரு எழவும் தெரியலயே."

"பொறுங்கப்பா" என்று நான் சுவிட்சை அமுக்கினேன்.

இந்த முறை பம்ப் சரியான பக்கம் சுற்றியது. கண்ணாடியில் ஒரு சொட்டு விழவில்லை. நேற்று நான் நிமிர்த்திவிட்ட மூக்குகளிலிருந்து இரண்டு மஞ்சள் கோடுகள் வானத்தை நோக்கிக் கிளம்பி, காரின் கூரையைத் தாண்டி வளைந்து, பின்னால் நின்ற தவசி மச்சானின் தலையிலும் வெள்ளை வேட்டியிலும் இறங்கின.

கொட்டு நின்றது. ஒப்பாரி நின்றது. எங்கள் பக்கம் திருவிழாவில் ஒரு பெண் முறைப்பையன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால், அவள் வாய்விட்டுச் சொல்லாத சம்மதம் அது. அதை இழவு வீட்டில், அவனுடைய அப்பாவின் பிணத்துக்கு எதிரே ஊற்றியவள் அதுவரை யாருமில்லை.

"மஞ்சத்தண்ணிடா!" என்றார் பந்தலில் இருந்த பெரியவர் ஒருவர். "புள்ள மனசு மாறிருச்சு!"

அத்தை தலைவிரி கோலமாக எழுந்து வந்தது. "பாத்தீகளா! போற போக்குலயும் மகனுக்கு முடிச்சு வச்சுட்டுப் போறாகளே!"

"பெறகென்ன, பொணம் எடுக்குமுன்ன கழுத்துல ஒரு கயித்தக் கட்டிவிடு. அவுக கண்ணு முன்னால நடந்ததா இருக்கட்டும்" என்றார் அந்தப் பெரியவர்.

யாரோ கடைக்கு ஓடினார்கள். நான் காரை விட்டுக் குதித்து, "இது மஞ்சத்தண்ணி இல்ல! பாசிட்டிவ் எர்த்! நேத்து வயரத் தப்பாக் குடுத்திருந்தேன்!" என்று கத்தினேன். பாடைக்குப் பக்கத்தில் நின்று மின்சாரப் பாடம் நடத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"வெக்கத்துல ஒளறுது" என்றார் பெரியவர்.

அப்பாவைப் பார்த்தேன். அக்கா தாலியிழந்து நிற்கிற வீட்டில் அவர் எப்படி வாய் திறப்பார்? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தார். மஞ்சள் கயிறு வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்ததும், என் படிப்பு அந்தத் தெருமுனையோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அத்தை கயிற்றை வாங்கி மகன் கையில் திணித்தது. தவசி மச்சான் முகத்து மஞ்சளைத் துண்டால் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார்.

"ஊத்துனது அவ இல்லம்மா. வண்டி."

"அதுக்கு?"

"கட்டணும்னா இதுக்குத்தான் கட்டணும்."

"எழவு வீட்டுக்கு வந்த மஞ்சக் கயிறு சும்மா திரும்பக் கூடாதுடா!"

"திரும்ப வேணாம்" என்று அவர் நடந்து வந்து, வைப்பர் கம்பியில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பந்தலில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "அப்பாவத் தூக்குங்கய்யா, வெயிலேறுது" என்றார் தவசி மச்சான். குரல் உடைந்துவிட்டது. கொட்டு திரும்ப ஆரம்பித்தது.

அடுத்த வாரம் பி.எட். சேர்ந்தேன். இப்போது பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். தவசி மச்சானுக்குக் கொட்டாம்பட்டியில் பெண் எடுத்தார்கள். தனம் வாய்த்துடுக்குக்காரி. யார் அவளிடம் கதையைச் சொன்னார்களோ, கல்யாணமான மாதமே லண்டன் வண்டிக்கு 'மூத்தா', அதாவது மூத்த சம்சாரம், என்று பெயர் வைத்துவிட்டாள். அப்பா வண்டியோடு எழுமலைக்குப் போனால், "மூத்தா வந்துட்டா, ஆரத்தி எடுங்க" என்பாள். அத்தைகூட இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது.

புருசன் பெண்சாதிச் சண்டை முற்றினால் அவள் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்:

"போங்க, கோச்சடைக்கே போயி மூத்தாகூடக் குடும்பம் நடத்துங்க! ஒங்களப் பாத்ததும் ஆசப்பட்டுத் தண்ணி ஊத்துனவ அவ ஒருத்திதான்!"